பழைய ஜெயில் ரோட்டில் விடுமுறை

நான்கு நாள் லீவு.
தேக்கடி போதும், பெட்ரோல் மிச்சம் என்றாள் மகள்.
நான்தான் மெட்ராஸ் என்றேன்.
மெரினா இல்லை,
கோட்டைக்கு வடக்கே.

பவுன்ராஜ் ஒன்றும் சொல்லவில்லை.
அவருக்கு இந்த ஊர் நாற்பத்தொரு நாள் தெரியும்.
தெரியும் என்றால்,
மூன்று இறக்கை மின்விசிறி,
ஒன்றின் நுனியில் தொங்கிய ஒட்டடை,
குளுக்கோஸ் பாட்டில் மாட்டிய துருக்கம்பி.
அவ்வளவுதான் அவர் பார்த்த சென்னை.

மிச்சத்தை நான் பார்த்தேன்.

பதினோரு வருஷம் முன்பு
ஸ்டான்லி வாசலில் எங்களை இறக்கிவிட்ட ஆம்புலன்ஸ்காரர்
"கடலு பக்கத்துலதாம்மா" என்று
எதற்குச் சொன்னாரோ,
முந்தானையில் ரத்தம் காய்ந்து நின்றவளிடம்.
இரண்டாம் வாரம்தான் அந்தப் பக்கம் போனேன்.
கடல் பார்க்க இல்லை,
குளிக்க இடம் தேடி.

இப்போது மண்ணடியில் ஏசி ரூம்.
ஜன்னலைத் திறந்தால் இரும்புக் கடை,
பாங்கு, பாங்கின் நடுவே லாரி ஹாரன்.
கட்டில்மேல் மடித்த துண்டு,
அதன்மேல் தீப்பெட்டி அளவு சோப்பு.
பிரிக்காமல் பையில் போட்டுக்கொள்கிறேன்.
"வீட்ல சோப்பு இல்லியா?" என்கிறார்.
இல்லாத நாள் ஒன்று இருந்தது.
சொல்லவில்லை.

விடியுமுன்னே காசிமேடு.
டீசலும் ஐஸும் செதிலும் மிதித்து
ஏலக் குரல்களுக்குள் நுழைந்து
மூன்றாவது வரிசையில் கண்டுபிடித்தேன்.
பிலோமினாதான். முடி நரைத்திருக்கிறது,
குரல் நரைக்கவில்லை.
பிளெக்ஸ் பேனரைக் கதவாகக் கட்டிய குளியலறையில்
தினம் ஒரு வாளித் தண்ணீர் எனக்கென்று வைத்தவள்.
நீட்டிய பத்து ரூபாயைத் தள்ளிவிட்டு,
"ஒன் ஊட்டுக்காரரு எய்ந்து வரட்டும்,
அப்போ வந்து எங்கிட்ட மீனு வாங்கு, போ."

எழுந்தவரைப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னேன்.
வாளி, பேனர், பத்து ரூபாய், எல்லாம்.
அவள் கத்தியைத் துடைத்தாள்.
"ஆஸ்பத்திரிலேர்ந்து எத்தினியோ பேரு வந்தாங்கமா.
யாரு மூஞ்சின்னு வெச்சிக்கறது?
வஞ்சிரம் கிலோ ஆயிரத்தி எரநூறு.
வெட்டணுமா, முய்சாவா?"

பக்கத்துக் கூடையில் தொள்ளாயிரம்.
வாயைத் திறந்தவரின் கையை அழுத்தினேன்.
"முழுசா" என்றேன்.

அடுப்பில்லாத ஊரில்
ஒன்றே முக்கால் கிலோ மீனோடு
நடந்தோம்.
நான் காட்டிக்கொண்டு வந்தேன்:
இங்கேதான் ரத்தத்துக்கு ஆள் தேடினேன்,
இந்த ஸ்டாண்டிலிருந்து மூன்று ஆட்டோக்காரர்கள் வந்தார்கள்,
ஒருவர் பெயர் லாரன்ஸ்,
மற்ற இருவரைக் கேட்க மறந்தேன்.
இங்கே கம்மல்.
இங்கே ஒரு மரம் இருந்தது, அதன் கீழ் என் படுக்கை.
இப்போது ஜெராக்ஸ் கடை.
கோயில் குளம் காட்டுவதுபோலவே காட்டினேன்.
அவரும் கேட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

"அட்மிசனா சார்?" என்றார் வாட்ச்மேன்.
"இல்ல, சும்மா... சுத்திப் பாக்க வந்தோம்."
"இத்தயா?"
சிரித்துவிட்டு, பிறகு
இவர் மண்டையிலிருந்த தையலைப் பார்த்தார்.
சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.
"சீக்கிரம் வந்துடு சார்.
மீனு உள்ள போவாது."

அதனால் அவர் மட்டும் போனார்.
நான் வாசலில் நின்றேன்,
கையில் பையோடு,
போகிற வருகிற ஸ்ட்ரெச்சருக்கு ஒதுங்கி ஒதுங்கி.
கால்களுக்கு அந்த இடம் நன்றாகத் தெரிந்திருந்தது.
உள்ளே இருப்பவர் நலம் என்று
அவற்றுக்கு யார் சொல்வது?

இருபது நிமிஷம் கழித்து வந்தார்.
முகம் கழுவியிருந்தார்.
"ஃபேன மாத்திட்டாங்க" என்றார்.
கொஞ்ச தூரம் போனபின்,
"அதுக்குக் கீழ ஒரு பையன் படுத்திருக்கான்.
அவங்கம்மா
குளிக்க எங்க போறதுன்னு கேக்குது."

நான் பையைத் திறந்து
மீனுக்கு இந்தப் பக்கம்
சோப்பைத் தேடினேன்.