கழன்று வரும் முதுகு

பழையது செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
பதினொன்றாம் நம்பர் மலையில்
தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமை தலையைத் தூக்க
என் கை விட்டது கூடையை அல்ல.
கீழே பாறை.
பாறைமேல் இன்னும் நாலு தவணை பாக்கி.

"ஒனக்கு அடி படலியே" என்றாள் சித்திரக்கனி.
எனக்குப் பட்டால் எஸ்டேட் ஆஸ்பத்திரியில்
நீல மருந்தாவது தடவுவார்கள்.

சீட்டெடுத்ததில் மிச்சம் எட்டாயிரத்து நானூறு.
ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரிக்கு இறங்கினேன்.
கண்ணாடிக் கதவு போட்ட கடை.
டை கட்டிய பையன்
சுவரில் ஒரு படத்தைக் காட்டினான்:
"நிலாவ இவ்ளோ கிட்டத்துல எடுக்கலாங்கக்கா."

தம்பி,
ஆனி தொடங்கி ஐப்பசி முடிய
எங்கள் லயத்துக்கு மேலே நிலா கிடையாது.
எனக்குத் தராசு தெரிந்தால் போதும்.
அந்தியில், மழைச் சாக்கைத் தலையில் போட்டபடி,
இலை தொங்கும்போது
முள் நிற்கிற இடம்.

தண்ணிக்குள்ள போட்டாலும் ஒண்ணும் ஆகாதாம்.
தண்ணீருக்குள் நான் ஏன் போடப்போகிறேன்?
மேகம்தான் கதவு தட்டாமல் வீட்டுக்குள் வந்து
சார்ஜ் போடும் ஓட்டையில் குந்திக்கொள்ளும்.

"வெரல வைங்க, தொறக்கும்."
வைத்தேன்.
துடைத்துவிட்டு வைத்தேன்.
அவன் துடைத்துவிட்டான், வைத்தேன்.
பதினாறு வருசக் கொழுந்து
ரேகையைக் கிள்ளிக்கொண்டு போயிருந்தது.
அந்தப் போனுக்கு நான் யாரோ.
விடு தம்பி, நாலு நம்பர் போதும்,
என் செக்ரோல் நம்பர்.

பின்மூடி கழலுமா?
"இப்பல்லாம் ஒட்டித்தாங்கக்கா வருது."
ஸ்கிரீன் உடைந்தால்?
"ஒடையாது."
உடைந்தால்?
கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினான்.
நாலாயிரத்து எழுநூறு.
சாமான் கோயமுத்தூரிலிருந்து ஏறி வரவேண்டும், பத்து நாள்.
பத்து நாளும் கணக்குப்பிள்ளை சொல்வதுதான் கிலோ.
எத்தனை வருசத்துக்கு அப்டேட் வரும் என்று கேட்டேன்.
பையன் தண்ணீர் குடித்தான்.

அந்தக் கடைக்கு அடியிலேயே, படிக்கட்டுக்குக் கீழே,
ஒரு மேசை, ஒரு விளக்கு, ஹபீபுல்லா.
சாலிடர் புகைக்குள் குனிந்திருந்தவரிடம்
கேட்க வேண்டியதைக் கேட்டேன்:
இந்த மலையில்
எந்த மாடல் அதிகம் செத்திருக்கிறது?

அப்போதுதான் நிமிர்ந்தார்.
இழுப்பறையைத் திறந்தார்.
ஒரே முகத்தில் ஒன்பது.
லாரி ஏறியது, ரசத்தில் விழுந்தது,
சண்டையில் சுவரில் மோதியது,
எதற்கென்றே தெரியாமல் நின்றுபோனது.
ஒன்றில் மைக் நல்லாயிருந்தது, ஒன்றில் ஸ்பீக்கர்,
இரண்டு திரைகள் கீறலில்லாமல்.
"இத வாங்கினவங்க எல்லாரும் எங்கிட்டதான் வந்து சேர்றாங்க" என்றார்,
பெருமையா புகாரா தெரியவில்லை.

பத்தாவது உயிரோடு இருந்தது.
ஐயாயிரத்து தொள்ளாயிரம்,
பேட்டரி இன்னொன்று அறுநூற்றைம்பது.
தடிமன். ஓரத்தில் பெயின்ட் போயிருந்தது.
(பிற்பாடு என் மகன் டெனிஸ்டன் அதைப் பார்த்து
"வீடு கட்டவாம்மா?" என்றான்.)

"நீங்களே தொறங்க" என்றார் ஹபீபுல்லா.
"கண்டவன் கையில குடுத்துப் பழகாதீங்க."
ஓரத்தில் ஒரு பள்ளம் இருந்தது.
நகத்தை விட்டேன்,
கறையேறிக் கறுத்த அதே பெருவிரல்.
டக்.
முதுகு கழன்று கையில் வந்தது.
உள்ளே ஒன்றும் அதிசயமில்லை:
பேட்டரி, நாலு திருகாணி,
யாரோ பழைய ஆள்
மடித்து வைத்த பஸ் டிக்கெட்.
டிக்கெட்டை எடுக்கவில்லை.
ஆட்டம் இல்லாமலிருக்க வைத்திருப்பார் போல.

திங்கள் அந்தி. மேகம்.
தராசு தொங்கியது, நான் ஓரமாக நின்றேன்.
கணக்குப்பிள்ளை எழுதியது இருபத்திரண்டு.
"எலையில ஈரம்" என்றார்,
நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படம் கலங்கல்தான்.
கொக்கி தெரியவில்லை, சாக்கு தெரியவில்லை,
பின்னால் நின்ற சித்திரக்கனி வெறும் வெள்ளை.
முள் மட்டும்
இருபத்தைந்தில் நிற்கிறது.