காய்க்காத பனை

வால்பரைசோவில் எங்கள் குன்றுக்கு
ஒரு பனைமரம் வருவதாக நகராட்சித் தாள் சொன்னது.
முப்பது மீட்டர். இரும்பில்.
ஓலை மட்டும் பிளாஸ்டிக்.
கோபுரம் என்ற சொல் நான்காம் பக்கத்தில்,
எறும்பு எழுத்தில்.

"குருவி உட்காருமா?" என்றான் நிபால்தோவின் மகன்.
வந்த அதிகாரி பேனாவை மூடிக்கொண்டார்.

லாரி எப்போது வரும் என்று தெரியாது.
வந்தால் சொல்லியனுப்பவும் வழியில்லை:
இங்கே சிக்னல் கிடைப்பது
எர்மிண்டாவின் தண்ணீர்த் தொட்டி மேல்தான்,
அதுவும் காற்று ஓய்ந்தால்.
அவள் கணவன் வடக்கே, செம்புச் சுரங்கத்தில்.
ஞாயிறுதோறும் தொட்டியேறி
ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்துவாள்:
சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா.
ஆனாலும் மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது.
ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

விடிகாலை நாலு மணி. கீழ்வளைவில் டீசல் உறுமல்.
எர்மிண்டா வாணலியைத் தட்டினாள்.
அடுத்த வீடு மூடியை. அதற்கடுத்தது கெட்டிலை.
படி படியாகச் சத்தம் மேலேற
இரவு உடையோடு தெருவை அடைத்து நின்றோம்.
திரும்ப இடமில்லாமல் லாரி
பின்னோக்கியே இறங்கிப் போனது, வளைவு வளைவாக.

மூன்று வாரம் கழித்து
எதிர்க்குன்றில் முளைத்தது பனை.
அங்கே தெரு அகலம்,
குடியிருப்போர் பாதிப்பேர் வாடகைக்காரர்கள்.
இப்போது என் அடுப்படியில்கூட நாலு கோடு.

எர்மிண்டா தொட்டி ஏறுவதில்லை.
நேற்று வாசற்படியில் உட்கார்ந்து
மெல்லிய குரலில் கேட்டாள்: சாப்பிட்டாயா.
அந்தப் பக்கம் அவன் என்ன கேட்டானோ,
"இல்லை, இங்கே இல்லை,
எதிரே தட்டுகிறார்கள்" என்றவள்
எழுந்து உள்ளே போய்
கதவைச் சாத்திக்கொண்டாள்.