அரைப்பேர்

மானாக்காடு டவுனுக்குள் ரோடு திரும்பும் வளைவில்
பிரதேச சபை நட்ட பலகை:
கடல் மட்டத்திலிருந்து 1,304 மீட்டர்.
மக்கள் தொகைக்கு நேரே ஒரு ஓட்டை.
யாரோ கல்லெறிந்து பழகியிருக்கிறார்கள்.

அதை நிரப்பத்தான் என்னை அனுப்பினார்கள்,
ஆறாம் வகுப்புக்குக் கணக்குப் படிப்பிக்கும் ஒருத்தியை.
ஒரு பை, இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர்.
மழைக்கோட்டு தரவில்லை.

முதலில் இங்கே புல்தான்.
இடுப்பளவு மானாப்புல், அதற்குள் மரைகள்.
மரைகளை எவரும் எண்ணவில்லை, சுட்டார்கள்.
பிறகு கோப்பி.
பிறகு கோப்பி இலையில் செம்மஞ்சள் துரு.
பிறகு தேயிலை.
தோட்டத்துக்குத் துரை வைத்தது அவன் தாயின் ஊர்ப் பெயர்.
கூட்டி வந்த சனத்தின் வாயில் அது நுழையவில்லை.
புல்லின் பெயரையே வைத்துக்கொண்டார்கள்.
கழுத்தில் தகர வில்லை,
அதில் இலக்கம்.

பழைய பேரேடு ஒன்று ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது:
ஆண் 611, பெண் 540, மட்டக்குதிரை 9.
எல்லாம் ஒரே மையில்.

நாற்பத்தெட்டுக்குப் பிறகும் எண்ணினார்கள்,
எண்ணிவிட்டு, நீங்கள் நாட்டவர் இல்லை என்றார்கள்.
அறுபத்து நான்கில் இரண்டு அரசுகள் உட்கார்ந்து
வகுத்தல் செய்தன.
உனக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு,
மீதியைப் பிறகு பார்ப்போம்.
என் வகுப்பில் ஒரு பிள்ளை
மீதியை எழுதாமல் விட்டால்
நான் புள்ளி போடுவதில்லை.

எண்பத்து மூன்றில் கடைத்தெருவின் இடப்பக்கம் எரிந்தது.
அந்த இடத்தில் இப்போது ரீலோட் கடை,
மரக்கறிக் கடை, பூட்டிய ஸ்டூடியோ ஒன்று.
பேக்கரி ஜயதிலக வீட்டில் ஐந்து பேர்.
பள்ளிவாசல் சந்தில் நசீஹா வீட்டில் எட்டு,
எட்டாவது தொட்டிலில்.
ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்,
அவரது பூனையை எழுதவில்லை.

ஏழாம் நம்பர் லயம், நாலாம் காம்பரா.
தெய்வமணி கொழுந்துச் சாக்கை உதறி இஸ்தோப்பில் விரித்தாள்.
"புருசன் கொழும்புல கொத்து போடுறாரு.
மூத்தவ குவைத்து.
மகன் பியகமவுல காமென்ட்ஸ்ல.
இங்க நானும் கோழியும்."

இனம் என்ற பெட்டியை வாசித்துக் காட்டினேன்:
இந்தியத் தமிழர், ஒரு சரிவுக் கோடு, மலையகத் தமிழர்.
"நாங்க இதுல எது?"
இரண்டும் ஒன்றுதான் என்றேன்.
"அப்ப அந்தக் கோடு யாரு?"

நேற்றிரவு இங்கே தூங்கியவரை மட்டும்தான்
எழுதலாம் என்றேன்.
அவள் யோசித்தாள்.
"கொழுந்து ரெண்டு கிலோ குறைஞ்சாலே
எங்களுக்கு அரைப்பேர் போடுறாங்க இல்ல?
இவங்க மூணு பேருக்கும் அரைப்பேர் போடுங்க டீச்சர்.
ஒன்றரை ஆள் வருது.
கோழி வேணாம்."

படிவத்தில் பின்னத்துக்குப் பெட்டி இல்லை.
ஆனாலும் ஓரத்தில் மெல்லிசாய்ப் பென்சிலால் போட்டேன்.
அடுத்த காம்பராவிலும் போட்டேன்.
பதினொரு லயத்திலும்.

மேற்பார்வையாளர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.
"ஓரத்தில் என்ன கிறுக்கல்? அழியுங்கள்."
அழித்தேன். தாள் மெலிந்து
சில இடங்களில் மறுபக்கம் தெரிந்தது.
இரவு கூட்டினேன்: 2,117.
மறுபடியும் கூட்டினேன்: 2,117.
கூட்டலில் பிழை இல்லை.

பலகைக்குத் தகரம் ஒட்டிப் பெயின்ட் அடிக்க வந்த ரொஷான்
என்னிடம் இலக்கத்தைக் கேட்டான்.
சொன்னேன்.
சோக்கால் எழுதினால் போதாதா என்றான்.
சிரிக்கவில்லை, உண்மையாகவே கேட்டான்.

ஐந்தரை ரயிலில் சூட்கேஸோடு மூவர் ஏறினார்கள்.
ஒருவர் இறங்கினார்,
கையில் ஒரு றாத்தல் பாண்,
முழங்கை வரை எண்ணெய் சுட்ட புள்ளிகள்.
தெய்வமணியின் புருசனாகத்தான் இருக்க வேண்டும்.

கணக்கெடுப்பு நேற்றோடு முடிந்தது.