உத்தேசம்

பன்னிரண்டு வருடம் கண்ணால் அளந்தேன்.
துணி நனைந்தால் இவ்வளவு,
தரையில் வழிந்தால் அவ்வளவு என்று
எனக்கு நானே போட்டுக்கொண்ட வாய்ப்பாடு.
பதிவேட்டில் எண்ணை எழுதி
பக்கத்தில் 'உத்தேசம்' என்று சேர்ப்பேன்.
யாரும் எதுவும் கேட்டதில்லை.

மலாவி ஏரியின் இந்தக் கரையில்
பிரசவத்துக்கு வருகிறவள்
தன் சிடென்ஜேவைத் தானே கொண்டுவருவாள்,
இடுப்பில் சுற்றும் அதே துணி.
சந்தையில் எடுக்கும்போதே
கறை தெரியாத நிறமாகப் பார்த்திருப்பாள்.
கறை தெரியாத நிறம்.

மூன்று மழைக்காலம் முன்பு
எனெலெசியின் துணி கருஞ்சிவப்பு,
அதில் அன்னாசிப் பழங்கள்.
முந்நூறு மில்லி, உத்தேசம், என்று எழுதிவிட்டு
குழந்தையை நிறுக்கத் திரும்பினேன்.
நல்ல எடை.
சொல்லலாமென்று வந்தபோது
குளிர்கிறது என்றாள்.
நவம்பர். தகரக் கூரை இரவிலும் கொதிக்கும் மாதம்.
துணியைத் தூக்கினேன்.
கனத்தது.

மீதி பதிவேட்டில் இருக்கிறது.

எங்கள் பேச்சில் கர்ப்பிணி 'நடு' உள்ளவள்.
எதற்கும் எதற்கும் நடுவில் என்பதை
மொழி சொல்லாமல் விட்டுவிட்டது.

போன மாதம் லிலோங்வேயிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி.
உள்ளே கண்ணாடிபோல் பிளாஸ்டிக் விரிப்புகள்,
நுனியில் புனலாகத் தொங்கும் பை,
பையின்மேல் கோடுகள்:
முந்நூறில் மஞ்சள், ஐந்நூறில் சிவப்பு.
கருவி என்றுகூடச் சொல்ல முடியாது.
பயிற்சி தர வந்த பெண் விளக்க விளக்க
எனக்குக் கோபம் ஏறியது,
அவள்மீது இல்லை.
இவ்வளவுதானா?
இவ்வளவுதான் என்றால்
மூன்று மழைக்காலம் எங்கே போயிருந்தது இது?

நேற்றிரவு தியாமிகே.
சைக்கிள் ஆம்புலன்சைக் கணவன் மிதிக்க
அவன் தம்பி டார்ச்சோடு முன்னால் ஓட
பதினெட்டு கிலோமீட்டர்.
பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்தது.
தாய் சிரித்தாள், பேச்சு தெளிவு, நாடி சீர்.
முந்நூறு, என்றன என் பழைய கண்கள்.
ஐந்நூறு, என்றது பை.

கண்களைக் கேட்கவில்லை.
லொன்ஜெசோ, ஊசி! என்று கத்தினேன்.
அவன் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு
வராந்தாவிலேயே நின்றுவிட்டது.
குளிர்பெட்டி, ஊசி, சலைன்,
கிழிசல் உண்டா என்று தேடும் டார்ச்,
கர்ப்பப்பை இறுகிக் கல்லாகும்வரை
விடாமல் தேய்த்த உள்ளங்கை.
பிறகு இன்னொரு மருந்து.
அறுநூற்றைம்பதில் நின்றது.
நின்றதா என்று மூன்று முறை குனிந்து பார்த்தேன்.

வெளியே கணவன் சைக்கிள் சங்கிலியைத்
துடைத்துக்கொண்டே இருந்தான், அதில் அழுக்கே இல்லை.

என் துணி எங்கே என்று கேட்டாள் தியாமிகே.
ஆணியில் தொங்கியது,
மடிப்புக் கலையாமல், காய்ந்தபடி.
மஞ்சள் மீன்கள்.

அறுநூற்றைம்பது என்று எழுதினேன்.
பேனா பழக்கத்தில் 'உ' என்று தொடங்கியது.
அடித்தேன்.

பெட்டியில் இனி ஏழு விரிப்பு.
ஏப்ரல்வரை என் பட்டியலில் முப்பத்தோரு பேர்.
அடுத்த பெட்டி எப்போது என்றால்
விரைவில் என்கிறார்கள்,
அதுவும் ஓர் உத்தேசம்.

விடிந்ததும் சந்தைக்கு ஆள் அனுப்பி
மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் வாங்கிவரச் சொன்னேன்.
வெட்டி, ஓரத்தை மெழுகுவத்தியில் காட்டி ஒட்டி,
பை பிடித்தேன்.
அரை லிட்டர் சலைன் பாட்டில் காலியாகக் கிடந்தது.
அதன் அளவுக்கு நீர் நிரப்பி ஊற்றினேன்.
நீர் நின்ற இடத்தில்
லொன்ஜெசோவின் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்தேன்.
கொஞ்சம் கோணல்தான்.

கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன்.
அதே இடம்.