சௌனாவைக் காலிசெய்தல்

தவுனோ வருகிறான், வெள்ளிக்கிழமை,
சட்பரியிலிருந்து, இடுப்பு வலியோடு.
போனில் கேட்டது ஒன்றே ஒன்று:
"அக்கா, சௌனா சூடாக இருக்கும்தானே?"
இருக்கும் என்றேன்.
பதினொரு வருடமாய் அங்கே தீ இல்லை.
துணி இருக்கிறது.

தண்டர் பேயில், எங்கள் ஃபின்லாந்துக்காரத் தெருவில்
வீட்டுக்கு வீடு நிலவறையில் ஒரு நீராவி அறை.
சிலர் அதில் உருளைக்கிழங்கு வைப்பார்கள், சிலர் சைக்கிள்.
எனக்கு மூன்று படி மரப்பலகை கிடைத்தது.
ஜன்னல் கிடையாது. வெயில் கிடையாது.
மடிப்போரம் வெளுக்காத இருட்டு,
ஒரு பருத்தித் துணிக்கு அதைவிட என்ன வேண்டும்?
(பலகை எண்ணெய் கக்கும் என்பதை
முதல் வருடமே ஒரு வெள்ளைத் துணி பலியாகிச் சொன்னது.
பிறகு அடியில் காகிதம்.)

கால் மீட்டர்கள், அரை மீட்டர்கள்.
இடித்துவிட்ட பள்ளிக்கூடத்தின் திரைச்சீலை.
ரெய்னோவின் சட்டைகள் ஏழு, காலர் கத்தரித்தவை.
அவர் உயிரோடுதான் இருக்கிறார்,
மேலே ஹாக்கி பார்க்கிறார்,
சட்டை தேடுவதைத்தான் விட்டுவிட்டார்.
அப்புறம் அந்த ஆரஞ்சு, இரண்டரை மீட்டர், பாதி விலை.
பாதி விலைக்கும் ஏன் ஒருவரும் தொடவில்லை என்று
கடையிலேயே யோசித்திருக்கலாம்.

வியாழன் காலை ஆரம்பித்தேன்.
கூடை கூடையாய், பதின்மூன்று படி ஏறி.
மேசை நிறைந்தது. சோபா. பியானோ.
ரெய்னோ நாற்காலியைச் சுவரோரம் இழுத்துக்கொண்டார்
வெள்ளம் புகுந்த வீட்டுக்காரர் மாதிரி.

அப்போதுதான் அகப்பட்டது:
வாத்து அச்சிட்ட ஒரே நீலம்
மூன்று கூடையில், மூன்று ரசீதோடு.
2009. 2014. போன மார்ச்.
மூன்று முறையும் கையில் எடுத்து
"இப்படி ஒன்று நம்மிடம் இல்லையே" என்றிருக்கிறேன்.
இத்தனை மறதியும் இத்தனை விசுவாசமும்
ஒரே ஆசைக்குள் எப்படிக் குடித்தனம் நடத்தின?

சரி, இனியாவது ஒழுங்கு என்று
நிறம் நிறமாய் அடுக்கினேன்.
கூடம் முழுக்க வானவில். நன்றாகத்தான் இருந்தது,
கடன் வாங்கிய முட்டையைத் திருப்பித்தர
பக்கத்து வீட்டு ஒக்சானா வரும்வரை.
அவளும் போர்வை தைப்பவள்.
பையிலிருந்து ஒரு சிவப்புக் கண்ணாடித்தாளை எடுத்து
"இதன் வழியாகப் பார்" என்றாள்,
"சிவப்பையும் ஆரஞ்சையும் மட்டும் நம்பாதே, பொய் சொல்லும்."

பார்த்தேன்.
நிறம் ஓடிவிட்டது. வெளிச்சம், இருட்டு, அவ்வளவே.
இருட்டு ஒரு கையளவு.
வெளிச்சம் அதுவும் இல்லை.
மற்றதெல்லாம் நடு.
நடு, நடு, நடு,
நவம்பர் மாத ஏரி.
"இதனால்தான் உன் போர்வையில்
நட்சத்திரம் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது"
என்றாள், கெட்ட எண்ணமில்லாமல்,
ஆறு முட்டையையும் எண்ணி வைத்துவிட்டு.

முப்பது வருடம் அழகானதை மட்டுமே வாங்கியிருக்கிறேன்.
மோர் நிறம், மாவு நிறம்,
பூவே இல்லாத வெளிர் சாம்பல்,
இவற்றைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்
விருந்தில் தட்டெடுப்பவரைத் தாண்டுவதுபோல.

இரண்டு வாத்து நீலம் ஒக்சானாவுக்கு.
அவள் வீட்டிலிருந்து எனக்கு
தோய்த்துத் தோய்த்து மெலிந்த ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு.
யாருக்கு லாபம் என்று இருவருமே கேட்கவில்லை.

ரெய்னோ புகைபோக்கியிலிருந்து குருவிக்கூடு எடுத்தார்.
கல் சூடேற, பலகை தன் பழைய வாசனையை
மெதுவாய் ஞாபகப்படுத்திக்கொண்டது.
தவுனோ ஒரு மணி நேரம் உள்ளே இருந்தான்.
பிறகு படியடியிலிருந்து ஒரு கத்தல்:
"வீடு முழுக்கத் துணி!
துவட்ட ஒரு துண்டு இல்லையா?"

ஆரஞ்சை எறிந்தேன்.
ஒருமுறைகூடத் தோய்க்காதது, சாயம் விடும்,
சொல்லவில்லை.
இறால்போல் சிவந்து, அதைச் சுற்றிக்கொண்டு
ஒவ்வொரு படியாய் ஏறி வந்தவனை
கண்ணாடித்தாள் வழியே பார்த்தேன்.
வீட்டிலேயே வெளிச்சமானது அவன்தான்.

பொய் என்று தெரியும்.
இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன்.