கேட் போட்டிருக்கும்போது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால்தான்
எனக்கு வேலை ஓடும்.
படிவம் ஒன்றுக்கு ஒன்பது ரூபாய்.
கூட்ஸ் வண்டி என்றால் நாலு பேர்,
எண்ணெய் வேகன்கள் யோசித்து யோசித்து நகர்ந்தால்
ஏழு பேர்கூட.
எலக்ட்ரிக் ட்ரெயின் ஆகாது.
இனிஷியலோடு பெயர் எழுதுவதற்குள் கேட் ஏறிவிடும்,
ஹாரன்களுக்கு நடுவே
பேனாவோடு ஓரம் ஒதுங்குவேன்.

முதல் கேள்வி: தாங்கள் மிதிவண்டி பயன்படுத்துபவரா?
"மிதிவண்டின்னா இன்னா மேடம்?"
கேட்டவரின் ஒரு கால் தரையில், ஒரு கால் பெடலில்.
பின்னால் இருபக்கமும் தொங்கும் தண்ணீர் கேன்கள்.
'ஆம்' என்று நானே டிக் அடித்தேன்.

இரண்டாவது: ஒன்றரை மீட்டர் அகலத்தில் அமையவிருக்கும்
தனிப்பாதை குறித்துத் தங்கள் நிலைப்பாடு?
மீட்டர் கணக்கு யாருக்கும் பிடிபடுவதில்லை.
பஸ்ஸை மறிப்பவள்போல
இரண்டு கையையும் விரித்து நிற்பேன் வெயிலில்.
இவ்வளவு.

தேசம்மா ஷேர் ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்தார்,
மடியில் காலி மீன் கூடை.
"போடச் சொல்லு கண்ணு.
சாயங்காலம் கடை விரிக்க எடமாச்சு."
ஆதரவு.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை வீரராகவலு
ஸ்கூட்டரை அணைக்காமலே சொன்னார்:
"எதிர்ப்பு. அழுத்திப் போடு.
கஸ்டமர் வண்டிய எங்க உடுவான், என் தல மேலயா?"
கையெழுத்திட்ட பிறகும்
பேனாவைத் தராமல் வைத்திருந்தார்.
"என் பையன் ட்யூஷனுக்கு சைக்கிள்லதான் போறான்.
வர்ற வரைக்கும் அவங்கம்மா வாசலாண்டயே நிப்பா.
அத்த எழுதாத."
எழுதவில்லை.

டாரஸ் லாரியின் கேபினிலிருந்து குனிந்தவர்
ஓமலூர்க்காரர். அவராகவே கூப்பிட்டார்.
"கண்ணாடியில சைக்கிள் தெரியறதே இல்லீங்க.
இருக்கா இல்லையான்னு தெரியாமயே
எத்தன நாள் திருப்பறது?
பச்சையோ செவப்போ, ஒரு கோடு போட்டு உடுங்க."
வார்டுக்கு வெளியே வசிப்பவர்:
செல்லாது.
பதினெட்டு வயதுக்குக் கீழேயும் செல்லாது.
அதனால்
கேட்டை ஒட்டி முதல் வரிசையில் நிற்கும்
இலவசச் சைக்கிள்களைத் தாண்டி
பின்னால் போகிறேன் ஒவ்வொரு முறையும்.
நேற்று ஒரு பெண் கேட்டாள், சீருடையில்,
"எங்களுக்குத்தானே அக்கா ரோடு?"
சூப்பர்வைசர் சொன்னதைத்தான் சொன்னேன்.

கடைசிப் பத்தி: பிற கருத்துகள்.
யாரும் நிரப்பாதது.
போன செவ்வாய் ஒருவர், காக்கிச் சட்டை,
பெயர் ஞானப்பிரகாசம்,
"எழுதிக்கோ" என்றார்,
"என் தம்பி போன மாசம்"

கேட் ஏறிவிட்டது.

முடியாத படிவத்துக்குக் காசில்லை.
அதற்காக இல்லை,
மூன்று ராத்திரி அந்த வாக்கியத்தை
நானே முடித்துப் பார்த்தேன்.
எப்படி முடித்தாலும் ஒரு லாரி வந்தது.

இன்று மறுபடி மாட்டினார். வேகன்கள் நீளம்.
உங்கள் தம்பி, என்று ஆரம்பித்தேன்,
மேலே போக வரவில்லை.

"அவனா? கியர் வச்ச சைக்கிள் வாங்கினான்.
பதினாலாயிரம்.
ரோட்டுல எறக்க பயந்துக்கினு
மொட்ட மாடியில வச்சிக்கீறான்.
டெய்லி காலையில தண்ணித் தொட்டியச் சுத்தி
நூறு ரவுண்டு.
கீழ் வூட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க."

சிரித்தேன், பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பும்படி.
எழுதினேன்.
பத்திக்குள் அடங்காமல்
ஓரத்தில் வளைந்து ஏறியது எழுத்து.
ஆதரவா எதிர்ப்பா என்று கேட்க
நிமிர்ந்தபோது
கடைசி வேகன் போய்க்கொண்டிருந்தது.