ஏழாவது சாவு நன்றாக இருந்தது

பிளவ்திவ் நகரில் பாதி நிரம்பிய அரங்கு.
ஞாயிறு, பிற்பகல் காட்சி.
எலும்புமுறிவுப் பிரிவில் இரவுப்பணி முடித்து
தூங்காமல் வந்திருக்கிறேன், நான் ஸோர்னிட்சா.
பக்கத்து இருக்கையில் என் கணவன் ரதோஸ்தின்.
இந்தப் படத்தில் அவன் ஏழு முறை சாகிறான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
அந்த நடிகருக்கு நிற்கத் தெரிகிறது.
சும்மா நிற்பது எவ்வளவு கடினமென்று
பன்னிரண்டு மணிநேரம் வார்டில் நின்றவளுக்குத் தெரியும்.
கொல்ல வேண்டியவனுக்காக
ஹோட்டல் சமையலறையில் காத்திருக்கும்போது
யாரோ பாதியில் விட்டுப்போன வெங்காயத்தை
மீதியும் நறுக்கி வைக்கிறார்.
வசனம் கிடையாது, இசை கிடையாது.
எத்தனை பேரைக் கொன்றவர் என்பதும்
எத்தனை நாளாய்த் தனியாகச் சாப்பிடுகிறார் என்பதும்
பலகையில் கத்தி படும் சத்தத்திலேயே இருந்தன.

டிக்கெட் காசில் பாதிக்கு அது சரியாய்ப் போயிற்று.
மீதிக்குக் கணக்குக் கேட்கிறேன்.

முதலில் ஒரு காலணி வருகிறது.
பிறகு கையுறை. பிறகு புகை.
முகம் வந்து சேரும்வரை
எதிரிகள் ஐம்பது பேரும் மரியாதையாகக் காத்திருக்கிறார்கள்.

அவருக்கு ஒரு மனைவி.
திரைச்சீலையை விலக்கினாள், சிரித்தாள்,
காப்பி ஊற்றினாள், கண்ணாடி உடைந்தது.
எட்டாவது நிமிடம்.
அவள் பெயரைக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.
எல்லாம் அவளுக்காகத்தானாம்.

வில்லன் நெற்றியில் துப்பாக்கியை வைத்துவிட்டு
தன் பால்யத்தைச் சொல்லத் தொடங்குகிறான்.
சுட வந்தவன் சுயசரிதை படித்தால்
விளங்கின மாதிரிதான்.

படத்தில் அது லண்டன்.
பின்வரிசையில் ஒருவர் உரக்கச் சிரித்தார்:
'நம்ம புகையிலைக் கிடங்குடா அது,
நான் மூட்டை தூக்கின இடம்!'

தோளில் குண்டு பாய்கிறது.
அடுத்த காட்சியில் அதே கையால் சுவரேறுகிறார்.
ஐயா, அந்த இடத்தில் அடிபட்டவர்கள் என்னிடம்தான் வருகிறார்கள்.
மூன்று மாதம்
தலைவாரக்கூடக் கை எழும்பாது.

சரி, சாவுகளுக்கு வருகிறேன்.
முதல் சாவு கார் நிறுத்துமிடத்தில், மொட்டைத் தலையோடு.
இரண்டாவதில் ஒட்டுத்தாடி.
மூன்றும் நான்கும் ஒரே சண்டையில்:
கதவுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன்,
இரண்டும் இவன்.
கதவை உடைத்து வரும் நாயகனின் முதுகும் இவனுடையதே.
அந்த இடது தோளின் சரிவை எனக்குத் தெரியும்,
கட்டுப்போட்டவள் நான்.
ஆக, என் கணவன்
என் கணவனை இரண்டு முறை கொன்றான்.
அரங்கம் கைதட்டியது.

ஐந்தில் முகமூடி.
ஆறைத் தவறவிட்டேன்,
ஒரு சிறுவன் கழிப்பறைக்குப் போக வழிவிட எழுந்ததில்.

ஏழு, மாடிப்படியில்.
வெட்டே இல்லாத ஒரே ஷாட்.
சுடப்பட்டுச் சரிகிறவன்
சரியும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறான்.
அரை நொடி.
நாயகனை நிமிர்ந்து பார்க்கிறான்,
ஏதோ கேட்க வந்தவன்போல.
நாயகனின் கை நடுங்குகிறது.
முகத்தில் முதல்முறையாக வயது தெரிகிறது.
அப்புறம்தான் விரல்கள் விடுகின்றன.

'நிஜமாகவே கால் வழுக்கிவிட்டது,' என்றான் காதருகே.
'மறுபடி எடுக்கலாம் என்றார் இயக்குநர்.
இது இருக்கட்டும் என்று அவர்தான் பிடிவாதம் பிடித்தார்.'

விளக்குகள் எரிந்தன.
பெயர்கள் எறும்புச்சாரியாக மேலே போயின.
அவன் பெயரில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது.
துடைப்பத்தோடு வந்த பெண்
எங்கள் கால்களைத் தூக்கச் சொன்னாள்.

'எப்படி?' என்றான்.
படத்தைக் கேட்கிறானா, தன்னையா?
'ஏழாவது சாவு நன்றாக இருந்தது' என்றேன்.
பேருந்து நிறுத்தம்வரை
அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்தான்.

பேருந்துக்கு இரண்டே படிகள்.
வலது கையால் கம்பியைப் பற்றி
ஒன்றில் நின்று,
மூச்சு வாங்கி,
மற்றதில் ஏறினான்.